திருப்பித் தராத துண்டு

நஸ்ரின், இர்ஃபான், இதை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். நஸ்ரின் சத்தமாக வாசிக்கட்டும். இர்ஃபான் நடுவில் எழுந்து ஓடக்கூடாது.

போன வாரம் இர்ஃபான் பள்ளிக்கூடத்திலிருந்து சட்டையில் பொத்தான் இல்லாமல் வந்தான். விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மார்பில் வருகிற புற்றுநோய் பெண்களுக்கு மட்டும்தான் வரும், உன் அத்தாவுக்கு வந்தது என்று நீ புளுகுகிறாய் என்று வகுப்பில் ஒரு பையன் சொல்லியிருக்கிறான். இவன் சும்மா இருப்பானா. பொத்தானைத் தைத்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வருகிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உங்களிடம் "கட்டி, எடுத்தால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொன்னோம். நோயின் பெயரைப் பெரியவர்கள் பேச்சிலிருந்து நீங்களே பிடித்துக்கொண்டீர்கள். இப்போது உடம்பு தேறிவிட்டது. பெருநாள் வேலையெல்லாம் முடிந்து கடையும் கொஞ்சம் சும்மா இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். அதனால் வைத்தியம் சம்பந்தப்பட்ட இடங்களை மதுமிதா அக்காவிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன். அவர் யார் என்பது பின்னால் வரும்.

முதலில் நம் கடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பூந்தமல்லியில் லேடீஸ் டெய்லர் கடைக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் நன்றாகத்தான் தைக்கிறார்கள். நம் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஜாக்கெட் வெட்டியது போக மிஞ்சுகிற துணியை, விரல் அகலத் துண்டாக இருந்தாலும் சரி, சுருட்டிக் கட்டி அதே பையில் வைத்துக் கொடுத்துவிடுவேன். துணி அவர்கள் வாங்கியது, மிச்சமும் அவர்களுடையது. ஒரு தரம் உங்கள் அம்மா நஸ்ரினின் பொம்மைக்கு என்று ஒரு பட்டுத் துண்டு கேட்டபோது கூட நான் தரவில்லை. நஸ்ரின் அழுதது இன்னும் நினைவிருக்கிறது. இந்த வழக்கத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கட்டி எனக்குத் தெரிந்தது மழைக்காலத்தில். இடது பக்கம் மார்புக் காம்புக்குக் கீழே, துணி மடிப்புக்குள் சிக்கிய பொத்தான் போல ஒன்று கையில் தட்டியது. வலி இல்லை. வலிக்காத ஒன்றுக்கு யார் டாக்டரிடம் போவார்கள்? அப்படியே விட்டுவிட்டேன். பிறகு அந்த இடத்தில் தோல் உள்ளே இழுத்துக்கொண்டது. அதுதான் என்னை உறுத்தியது. துணியில் ஓர் இடம் சுருங்கினால், உள்ளே எங்கோ ஒரு நூல் இழுக்கிறது என்று அர்த்தம். மேலே எத்தனை தரம் இஸ்திரி போட்டாலும் நிற்காது. உங்கள் அம்மாவிடம் காட்டினேன். ஜமீலா ஒரு நொடி பார்த்தாள். உடனே புர்காவை மாட்டிக்கொண்டு, "கடைக்கு பூட்டு போடுங்க, கெளம்பலாம்" என்றாள். எந்த டாக்டர், எந்தத் தெரு என்றெல்லாம் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் யோசித்தோம்.

அன்று போய்ப் பார்த்த டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, நகரத்துக்குள் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டே பஸ்ஸில் போனோம். அங்கே மேமோகிராம் எடுக்கச் சொன்னார்கள். அது எக்ஸ்ரே போன்றதுதான். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் சதையை வைத்து அழுத்திப் படம் எடுப்பார்கள். அந்த அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. பெஞ்சு முழுக்கப் பெண்கள். சுவரெல்லாம் பெண்களுக்கான படங்கள். ஜமீலாவை உட்கார வைத்துவிட்டு நான் சுவரோரம் நின்றேன்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா பாய், சம்சாரத்துக்கா?"

"இல்லீங்க. எனக்குத்தான்."

பெஞ்சு முழுக்க என் பக்கம் திரும்பியது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த அம்மா என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தார். பிறகு தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார்.

"அப்ப இன்னாத்துக்கு நின்னுகினு கீற? டோக்கன் வாங்கினவங்க அல்லாரும் இங்கதான் குந்தணும். குந்து."

அவர்தான் முத்தாபுதுப்பேட்டை சாந்தி அக்கா. விமானப்படை முகாம் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவர். நான் டெய்லர் என்று தெரிந்ததும் பெஞ்சிலிருந்த பெண்களுக்குக் கூச்சம் போய்ப் பேச்சு வந்துவிட்டது. ஒருவர் தன் ஜாக்கெட் கைப்பகுதி ஏன் திருகிக்கொள்கிறது என்று கேட்டார். இன்னொருவர், கழுத்து எப்போதும் ஒரு பக்கம் சரிகிறதே என்றார். நான் எழுந்து நின்று தோள் சரிவைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்து பார்த்த பெண், என் பெயரை மறுபடி படித்து, என்னை மறுபடி பார்த்து, "சாரி சார், வாங்க" என்றார். உள்ளே மிஷினுக்குப் பிடித்து வைக்க என்னிடம் போதுமான சதை இல்லை. அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. வெளியே வந்ததும் சாந்தி அக்கா, "படம் நல்லா வந்துச்சா பாய்? சிரிச்சிகினு போஸ் குட்த்தியா?" என்று கேட்டார். ஜமீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அடுத்து பயாப்சி. பெயர்தான் பெரிசு. மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் கட்டியிலிருந்து நூல் அளவு சதை எடுப்பார்கள். எடுக்கும்போது "டக்" என்று சத்தம் வரும். நம் கடையில் பிரஸ் பட்டன் அடிக்கிற சத்தம்தான். முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, புற்றுநோய் என்று சொன்னார். கதவைச் சாத்தியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆண்களுக்கு அபூர்வமாக வரும், ஆனால் வரும் என்றார். ஆண்கள் தங்களுக்கு வராது என்று நினைத்து லேட்டாக வருவதுதான் பெரிய ஆபத்து என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது குமணன்சாவடியில் இறங்கி ஜமீலா ஒரு கரும்பு ஜூஸ் வாங்கி என் கையில் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. நான் பாதி குடித்துவிட்டு நீட்டியதும் வாங்கிக் குடித்தாள். நான் உங்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இது பரம்பரையாக உங்களுக்கு வந்துவிடுமோ என்பதுதான் என் பெரிய பயம். அதற்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்தில் இறங்குகிற வகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம். ஆனால் இர்ஃபான், பெரியவனானதும் உன் மார்பில் ஏதாவது தட்டுப்பட்டால் வெட்கப்படாமல் காட்ட வேண்டும். இதை அந்தப் பையனிடமும் சொல்.

மருந்து விஷயம் இனிமேல்தான். புற்றுநோய்க்கு ஒரே மருந்து கிடையாதாம். கட்டியில் இருக்கிற உயிரணுக்களின் மேல் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற மருந்தைக் கொடுப்பார்களாம். என் கட்டியில் இரண்டு விஷயம் பார்த்தார்கள். முதலாவது இருந்தது. அதற்குத் தினமும் ஒரு மாத்திரை, பல வருஷம். இரண்டாவது இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இன்னும் நுணுக்கமான பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இரண்டாவதும் இருந்தால் நோய் வேகமாக வளருகிற ஜாதி. ஆனால் அதைக் குறிபார்த்துப் போய்ப் பிடிக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. முடிவு வர நாளாகும், அதற்குள் ஆபரேஷனை முடித்துவிடலாம் என்றார்கள். நம் அரசாங்கக் காப்பீட்டு அட்டை ஆபரேஷனுக்குக் கை கொடுத்தது. மீதிச் செலவை உங்கள் அம்மாவோடு பிறந்த காதர் மாமா பார்த்துக்கொண்டார். அதைப் பற்றி எழுதினால் அவர் என்னை அடிப்பார்.

ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுநாள் காலையில்தான் மதுமிதா அக்கா வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. ஜமீலா அவரை டாக்டர் என்று நினைத்து நஸ்ரினின் இருமல் மருந்துச் சீட்டை நீட்டிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, தான் நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி மாணவி என்று சொன்னார். கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்து அடுக்குமாடியில் வீடு. அவருடைய ஆராய்ச்சியே குறிபார்த்துப் பிடிக்கிற மருந்துகளைப் பற்றியதுதான். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற அந்த ஊசி சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது, சிலருக்குக் கொஞ்ச நாளில் வேலை செய்யாமல் போகிறது. ஏன் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை.

என் கட்டியில் தேடுகிற அந்த இரண்டாவது விஷயத்தை அவர் பூட்டு, சாவி என்று சொல்லி விளக்கினார். எனக்கு மண்டையில் ஏறவில்லை. நான் ஜமீலாவின் ஜாக்கெட் ஒன்றை நினைத்துக்கொண்டு, கொக்கி மாட்டுகிற நூல் வளையம் மாதிரியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். என் கட்டியில் அந்த வளையங்கள் நிறைய இருந்தால் நல்லதுதானே, மருந்து நன்றாக மாட்டிக்கொள்ளுமே என்றேன். அது தப்பு என்று திருத்தினார். வளையம் அதிகமானால் வளரச் சொல்கிற கட்டளையும் அதிகம் வந்து மாட்டும், அதனால்தான் கட்டி வேகமாக வளரும். மருந்து போய் அந்த வளையத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு வேறெதுவும் மாட்ட முடியாது. அத்துடன், இங்கே பிடி என்று உடம்பின் காவல்காரர்களுக்கு அடையாளமும் காட்டும். அதனால் வளையம் இருப்பது கெட்டது, ஆனால் மருந்துக்கு அதுவே கைப்பிடி.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். ஆபரேஷனில் எடுப்பதில் பரிசோதனைக்குப் போக மிஞ்சுவதிலிருந்து நகம் அளவு துண்டு தன் ஆராய்ச்சிக்கு வேண்டும், சம்மதமா? ஆண்களுடையது கிடைப்பது ரொம்ப அபூர்வம் என்றார்.

நான் என் வழக்கப்படி கேட்டேன்: "வேல முடிஞ்சதும் மிச்சத்த திருப்பித் தருவீங்களாம்மா?"

அவர் திகைத்துப்போனார். யாரும் இதுவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. நான் நம் கடை வழக்கத்தைச் சொன்னேன். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னார். மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம். மிஞ்சுவதை ஆய்வுக்கூடத்திலேயே பத்திரமாக வைத்திருப்பார்களாம். திருப்பித் தர முடியாது.

அந்த நேரம் பார்த்துக் காதர் மாமா டிபன் கேரியரோடு உள்ளே வந்தார். கல்யாண மண்டபங்களில் பெரிய டேக்சாவில் பிரியாணி போடுகிறவர், ஆஸ்பத்திரிக்கு எனக்காக ரசம் சாதம் கொண்டுவந்தார். விஷயத்தைக் கேட்டதும் கேரியரைக் கீழே வைத்துவிட்டார். "உடம்புல இருந்து எடுத்தது மண்ணுக்குத்தான் மச்சான் போவணும். அது இன்னா ஊறுகாயா, பாட்டில்ல போட்டு வைக்க?"

அவர் சொன்னதும் நம் வழக்கம்தான். உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததை மரியாதையாக அடக்கம் செய்வது நம்மிடம் உண்டு. இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் பட்டது. ஜமீலாதான் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போடச் சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, நாலு பேர் உயிருக்குப் பயன்படும் என்றால் கொடுப்பதில் தனக்கு ஆட்சேபம் தெரியவில்லை, மீதியைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்யுங்கள் என்றார். டாக்டரம்மாவும் மீதியைத் தர ஒப்புக்கொண்டார். காதர் மாமாவுக்கு மனசு ஆறியது. ஆனால் கையெழுத்து என்னுடையது, நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

மதுமிதா அக்காவிடம் ஒன்று கேட்டேன். "இத குட்த்தா எனக்கு இன்னா கெடைக்கும்?"

"உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது மாஸ்டர்," என்றார். "உங்க ட்ரீட்மென்ட் வேற, என் வேலை வேற. நீங்க கொடுக்கலைன்னாலும் அவங்க இதே மாதிரிதான் பார்ப்பாங்க. உங்களுக்கு அப்புறம் வர்ற யாருக்காவது உதவலாம். அதையும் என்னால சத்தியமா சொல்ல முடியாது."

துணி வியாபாரத்தில் எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். சாயம் போகாது, சுருங்காது, கிழியாது என்பார்கள். சாயம் போனாலும் போகும் என்று சொல்லி விற்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் பற்றி எழுத ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கூரை விளக்கு, பிறகு ஜமீலாவின் முகம். இடது மார்பையும் அக்குளில் இருந்து சில நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். காயத்தில் ஊறுகிற நீர் வெளியே வர ஒரு குழாயும் நுனியில் ஒரு டப்பாவும் தொங்கும். போகிற இடமெல்லாம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இத்தனை வருஷம் டெய்லரோடு குடித்தனம் நடத்தியும் ஊசி பிடிக்காத உங்கள் அம்மா, பழைய லைனிங் துணியில் தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு பை தைத்தாள். தையல் கோணல் மாணல். நான் ஒரு குறையும் சொல்லவில்லை. அதைப் பார்த்துப் பக்கத்து வார்டுப் பெண்கள் கேட்க, அவள் அங்கேயே உட்கார்ந்து எல்லோருக்கும் தைத்துக் கொடுத்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. டெய்லர் நான்.

வீட்டுக்கு வந்த பிறகு இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. மிஷினில் துணியைச் சீராகத் தள்ளுவதே இடது கைதான். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் எறும்பு மாதிரி மேலே ஏறச் சொல்லியிருந்தார்கள். நஸ்ரின், நீ என் துணிச் சாக்கட்டியை எடுத்து, தினமும் விரல் தொட்ட இடத்தில் கோடு போட்டாய். ஒரு நாள் கோடு கீழே இறங்கியபோது நீ அதை அழித்துவிட்டு நேற்றைய கோட்டைக் காட்டினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வெள்ளையடித்தபோதும் அந்தக் கோடுகளை அழிக்க விடவில்லை.

பரிசோதனை முடிவு வந்தது. இரண்டாவது வளையமும் இருந்தது. நோய் வேகமான ஜாதி, ஆனால் ஊசிக்குப் பிடி இருக்கிறது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி நடையில் சாந்தி அக்காவைப் பார்த்தபோது சொன்னேன். அவருக்கு வந்திருப்பதில் இந்த வளையங்கள் எதுவுமே இல்லையாம்.

"என்ட்ட எந்தக் கொக்கியும் மாட்டாதாம் பாய். அதனால மொத்தமா குண்டு போட்றாங்க," என்று தன் மொட்டைத் தலையைத் தட்டிக்காட்டினார். "நீ குட்த்து வெச்சவன். பத்தரமா முட்ச்சிகினு வா."

அவர் குண்டு என்றது கீமோ மருந்தை. அது நோயையும் அடிக்கும், முடி, நாக்கு, குடல் என்று நல்லதையும் அடிக்கும். எனக்கும் சில மாதம் அது உண்டு. முடி கொட்டியது. தொப்பி போடுகிறவனுக்கு அது பெரிய நஷ்டமில்லை. வாயில் எதைப் போட்டாலும் இரும்பு ருசி. அந்த ரமலானில் நான் நோன்பு வைக்கவில்லை. அத்தாவுக்கும் சேர்த்து நானே வைக்கிறேன் என்று இர்ஃபான் சொன்னான். மத்தியானம் மாடிப்படிக்குக் கீழே சமோசாவோடு பிடிபட்டான். அது அத்தா பங்கு நோன்பு, என் பங்கு அப்படியே இருக்கிறது என்று வாதாடினான்.

குறிபார்க்கிற ஊசி மூன்று வாரத்துக்கு ஒரு தரம், ஏறக்குறைய ஒரு வருஷம். அதில் முடி கொட்டாது. ஆனால் சிலருக்கு இதயத்தைக் களைப்பாக்கும். அதனால் எக்கோ என்கிற ஸ்கேனில், இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அவ்வப்போது பார்ப்பார்கள். பாதி வழியில் ஒரு நாள் என் இதயம் சோர்ந்திருக்கிறது என்று ஊசியை நிறுத்திவிட்டார்கள். அன்றுதான் நான் உண்மையாகப் பயந்தேன். வளையம் திறந்து கிடக்கிறது, அடைக்க மருந்து இல்லை என்றே தோன்றிக்கொண்டிருந்தது. வீட்டில் உங்களோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா? நீங்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தீர்கள். நான் விட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டீர்கள். எனக்குக் காய் கண்ணில் படவே இல்லை.

அந்த நாட்களில் மருந்து வாங்கப் போனபோது மதுமிதா அக்கா எதிரே வந்தார். அவர் முகமும் சரியில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். மாதக்கணக்கான வேலையைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். இரண்டு பேரும் கேன்டீனில் டீ குடித்தோம். கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டிவிட்ட கதையை நான் சொன்னேன். அப்புறம் என்ன செய்தீர்கள் என்றார். மிச்சத் துணியில் ஒட்டுப் போட்டு, அதன் மேல் ஜரிகை வைத்து, இதுதான் புது ஃபேஷன் என்று சொன்னேன் என்றேன். அவர் சிரித்தார். ஆராய்ச்சியில் ஜரிகை வைக்கக்கூடாது மாஸ்டர், அதுதான் கஷ்டம் என்றார்.

இதயத்துக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த எக்கோவில் டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பி, "ஓடுது பாருங்க, நல்லா ஓடுது" என்றார். ஊசி மறுபடி ஆரம்பித்தது. கடைசி ஊசி அன்று காதர் மாமா வார்டு முழுக்க பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார். நர்சம்மா அதட்டினார். அதட்டிவிட்டுத் தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். பிறகு எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த "இப்போதைக்கு" போதும். மாத்திரை மட்டும் தினமும் போடுகிறேன். அதை இர்ஃபான் ஞாபகப்படுத்துகிறான்.

கடை திறந்ததும் முதலில் வந்தது சாந்தி அக்கா. அவரும் சிகிச்சை முடிந்து இட்லிக் கடையைத் திறந்துவிட்டார். அவருக்கு மார்பை எடுத்த பக்கத்தில் உள்ளுக்குள் பஞ்சுப் பட்டை வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற மாதிரி ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தவர், "உனுக்கு ஒண்ணு தெச்சிக்கினியா பாய்?" என்றார். எனக்கு எதற்கு என்றேன். "அதானே. ஆம்பளைக்கு இன்னா கவல, தட்டையா இருந்தா போதும்" என்றார்.

அதற்கப்புறம் மதுமிதா அக்கா வந்தார். ஆராய்ச்சி முடிந்து, வைவா என்கிற கடைசிப் பரீட்சை. பல்கலைக்கழக அரங்கத்தில், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கலாமாம். அதற்கு அவர் அம்மா வாங்கிக் கொடுத்த பட்டுப் புடவை, மயில் கழுத்து நீலம். ஜாக்கெட் துணியை என் மேசையில் வைத்தார். நான் அளவெடுத்து, என் கை நன்றாக ஓடுகிற காலை வேளைகளில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தேன். ஒரு தையல் கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

வாங்க வந்த அன்று வழக்கம்போல மிச்சத்தைச் சுருட்டிக் கட்டினேன். அதிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டைத் தனியே எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"இத நான் எட்த்துக்கட்டுமாம்மா? திருப்பித் தர மாட்டேன்."

அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதைக் கொடுத்தா எனக்கு என்ன கிடைக்கும் மாஸ்டர்?"

"உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டே, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

வைவாவுக்கு ஜமீலாவும் நானும் போனோம். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பேசியதெல்லாம் இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது ஜாக்கெட் மட்டும்தான். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. நடுவில் திரையில் ஒரு படம் வந்தது. வெளிர் நீலத்தில் சின்னச் சின்ன உருண்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கோடு, நெட் துணியை விரித்த மாதிரி. அந்தப் பழுப்புக் கோடுதான் வளையங்கள் என்று மதுமிதா அக்கா முன்பே சொல்லியிருக்கிறார். யாருடையது என்று படத்தில் போடவில்லை. போடக்கூடாதாம். என்னுடையதாகவும் இருக்கலாம், வேறு யாருடையதாகவும் இருக்கலாம். ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று சொன்னபோது, நான் கையைத் தூக்கிவிடுவேனோ என்று அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். எல்லாம் முடிந்து பரீட்சை நடத்திய பெரியவர்கள் எழுந்து, அவரை டாக்டர் மதுமிதா என்று கூப்பிட்டார்கள். அரங்கம் கைதட்டியது. என் இடது கையும் தலைக்கு மேலே எழுந்து தட்டியது.

ஜமீலாவை வீட்டில் விட்டுவிட்டு நான் கடைக்கு வந்தேன். சாயங்காலக் கூட்டம் வர இன்னும் நேரம் இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கினேன். சட்டையைக் கழற்றி மேசையில் விரித்து, இடது பக்கப் பாக்கெட்டை ஒரு ஓரம் மட்டும் பிரித்தேன். மேசை இழுப்பறையிலிருந்து அந்த நீலத் துண்டை எடுத்து, ஓரம் மடித்து, வெளியே தெரியாதபடி பாக்கெட்டுக்குப் பின்னால் வைத்துத் தைத்தேன். பிரித்த ஓரத்தையும் மூடித் தைத்தேன். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தான்களை மேலிருந்து கீழே வரை மாட்டினேன். பிறகு ஷட்டரை மேலே தூக்கினேன்.